கேம் கேள்வி பதில்: ரிம்வேர்ல்டு ஏன் இன்னும் சலிக்கவில்லை?

கேள்வி: ரிம்வேர்ல்டில் கைகால்கூட வரையப்படாத பொம்மைகள்தான் நடமாடுகின்றன. அதையே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் இருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: தொலைதூரக் கோளில் ஒரு சிறு குடியிருப்பை, அதாவது காலனியை, நடத்தும் கணினி கேம் இது. 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ரசிகர்களிடம் நிதி திரட்டியது. டைனன் சில்வெஸ்டரின் லூடியான் ஸ்டூடியோஸ் உருவாக்கியது. 2018 அக்டோபரில் 1.0 பதிப்பு வந்தது. 2025-இல் வந்த ஒடிசி வரை ஐந்து விரிவாக்கங்கள். படம் எளிமையாக இருப்பதால்தான் கணக்கு இவ்வளவு ஆழமாகப் போக முடிகிறது. ஒவ்வொரு காலனிவாசிக்கும் கடந்தகாலம், குணம், உறவு உண்டு. உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி நலக்கணக்கு உண்டு. சமையல்காரருக்கு ஒரு கண் போனால் அவர் வேலைத்திறன் குறையும். அவர் மனைவி இறந்தால் மனநிலை சரியும். மனநிலை சாதாரணமாக 35 சதவீதத்துக்குக் கீழே போனால் சிறு உடைவு வரலாம், 20-க்குக் கீழே பெரிது, 5-க்குக் கீழே மிகக் கடுமையானது. இந்தக் கணக்குகளின் மேல் கதைசொல்லி என்ற நிரல் சம்பவங்களை வீசுகிறது. காய்ச்சல், மின்கசிவு, படையெடுப்பு மூன்றும் ஒரே நாளில் வந்து மோதும்போது எழும் கதையை யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. ஆயுளுக்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம், கேமின் உள்ளடக்கம் திறந்து கிடப்பது. செடி, துப்பாக்கி, நோய், விலங்கு எல்லாம் எக்ஸ்எம்எல் கோப்புகளில் வெறும் எழுத்தாக இருக்கின்றன. நிரலையே மாற்ற வேண்டுமானால் ஆண்ட்ரியாஸ் பார்டைக்கே எழுதிய ஹார்மனி என்ற நிரல் நூலகம் இருக்கிறது. ஒரே செயல்பாட்டைப் பத்து மோட்கள் (ஆடுபவர்கள் எழுதிச் சேர்க்கும் மாற்றங்கள்) தொட்டாலும் ஒன்று மற்றொன்றை அழிக்காமல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ள அது வழி செய்கிறது. நூற்றுக்கணக்கான மோட்கள் ஒரே காலனியில் ஓடுவது இதனால்தான்.

கேள்வி: மூன்று பேருடன் தொடங்குகிறேன். முதல் குளிர்காலத்திலேயே பட்டினி. எவ்வளவு நிலம் பயிரிட வேண்டும்?

பதில்: ஒருவருக்கு நாளொன்றுக்கு 1.6 அலகு ஊட்டம் வேண்டும். எளிய சாப்பாடு ஒன்று 0.9 தரும், அதைச் சமைக்க 10 அரிசி போதும். ஆக, மூவருக்கு நாளைக்கு ஏறத்தாழ 54 அரிசி. சாதாரண மண்ணில் ஒரு கட்டம் நெல் சுமார் ஐந்தரை நாளில் முற்றி 6 அரிசி தரும். (கோப்பில் 3 நாள் என்றுதான் இருக்கும். இரவில் செடி வளராததால் உண்மையில் அவ்வளவு ஆகிறது.) கணக்குப் போட்டால் 50 கட்டம் வருகிறது. ஆனால் அது அன்றாடச் சாப்பாட்டுக்கு மட்டுமே. கேமில் ஓர் ஆண்டு 60 நாள். அதில் 15 முதல் 20 நாள் எதுவும் விளையாத இடமென்றால் 80 கட்டத்துக்குக் குறையாமல் போடுங்கள்.

முதல் அறுவடை நெல்லாக இருக்கட்டும். கையிருப்பு வந்ததும் பாதி நிலத்தைச் சோளத்துக்கு மாற்றுங்கள். சோளம் 21 நாள் எடுக்கும், 22 தரும். கட்டத்துக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அதே அளவுதான். விதைக்கவும் அறுக்கவும் ஆகும் வேலை மட்டும் நான்கில் ஒன்று. பயிர்த்தொழில் தெரியாதவரை அறுவடைக்கு அனுப்பினால் விளைச்சலில் ஒரு பகுதி வீணாகும்.

குளிர் அறைக்குச் சுவர் இரட்டையாக இருக்கட்டும். குளிரூட்டியின் நீலப்பக்கம் உள்ளே, சிவப்புப்பக்கம் வெளியே. வெப்பநிலையை மைனஸ் 5 டிகிரி என வையுங்கள். பூஜ்யத்தில் வைத்தால் கதவு நாலு முறை திறந்ததும் உறைநிலை போய்விடும். இறைச்சி வெட்டும் மேசையைச் சமையலறையில் வைக்கவே வேண்டாம். அந்த மேசையே அறையின் தூய்மையைப் பெருமளவு குறைக்கும், சிந்தும் இரத்தம் வேறு. அசுத்தமான சமையலறையில் சமைத்த உணவு நஞ்சாகி, ஒரே வேளையில் காலனியில் பாதிப் பேரைப் படுக்கவைக்கும்.

கேள்வி: காலனி நன்றாக வளரும்போதே தாங்க முடியாத படை வந்து அழித்துவிடுகிறது. எதனால்?

பதில்: நன்றாக வளர்வதால்தான். கேம் உங்கள் செல்வத்தைக் கூட்டிப் பார்த்து, அதைப் புள்ளிகளாக்கிப் படையின் அளவை முடிவு செய்கிறது. பொருட்களின் மதிப்பு முழுதாகவும், கட்டடங்களின் மதிப்பு பாதியாகவும், ஆட்கள், விலங்குகளின் மதிப்பும் சேரும். இந்தக் கூட்டுத்தொகை 14,000 வரை செல்வத்துக்கான புள்ளி பூஜ்யம். அங்கிருந்து 4,00,000 வரை சீராக ஏறி 2,400 புள்ளியைத் தொடும். 1,00,000 செல்வம் என்றால் சுமார் 535 புள்ளி. இதன்மேல் ஆளுக்கு இத்தனை என்று தனியாகச் சேரும். ஒருவருக்கான அந்தப் புள்ளியும் செல்வத்தோடு ஏறும். கடைசியில் கடினநிலை பெருக்கும்: ஸ்ட்ரைவ் டு சர்வைவ் 100 சதவீதம், லூசிங் இஸ் ஃபன் 220.

கிடங்கில் தூங்கும் ஆயிரம் வெள்ளி, யாரும் அணியாத கவசங்கள், விற்காமல் குவித்த சிற்பங்கள் எல்லாம் எதிரிக்கு ஆள் சேர்க்கின்றன. தேவையில்லாததை வணிகரிடம் கொடுத்து மருந்து, எந்திர உறுப்பு, நல்ல துப்பாக்கி என மாற்றுங்கள். அவற்றுக்கும் மதிப்பு உண்டுதான். ஆனால் அவை சண்டையில் உங்களுக்காக உழைக்கும், தங்கச் சிலை உழைக்காது. வரலாறு பக்கத்தில் செல்வத்தின் வரைபடம் இருக்கிறது. அது செங்குத்தாக ஏறும் வாரங்களில் பாதுகாப்பும் அதே வேகத்தில் ஏறியதா என்று பாருங்கள்.

ஒரே வாசலில் எல்லா எதிரியையும் வரவழைத்துச் சுடும் கில்பாக்ஸை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சுரங்கம் தோண்டி வருபவர்களும், சுவரை உடைத்து வருபவர்களும், வானிலிருந்து காலனிக்குள்ளேயே இறங்குபவர்களும் அந்த வாசலைத் தொடவே மாட்டார்கள். வீடுகளுக்கு நடுவே மணல்மூட்டையுடன் இரண்டாவது நிலை ஒன்று வேண்டும். சுவரெல்லாம் கல்லாக இருக்கட்டும். எஃகுச் சுவரும் தீப்பிடிக்கும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

கேள்வி: எந்தக் கதைசொல்லியோடு தொடங்கலாம்?

பதில்: கசாண்ட்ரா. அழுத்தம், ஓய்வு என்று அலைபோல வரும்; எங்கே சறுக்கினீர்கள் என்பது தெரியும். ராண்டி என்ற மற்றொரு கதைசொல்லி படைப்புள்ளியையே அரை மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை குலுக்குவதால், தோற்றது உங்கள் திட்டத்தாலா குலுக்கலாலா என்று பிரித்தறிவது தொடக்கத்தில் கடினம்.

கேள்வி: 150 மோட் போட்டேன். திரை முழுக்கச் சிவப்புப் பிழைகள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வரிசையிலிருந்து. ஹார்மனி எல்லாவற்றுக்கும் மேலே, கோர் எனப்படும் அடிப்படை கேமுக்கும் மேலே. பிறகு கோர், விரிவாக்கங்கள், பிற மோட்களுக்குத் தேவையான நூலகங்கள், பெரிய மோட்கள். கடைசியில், மற்ற மோட்களை ஒன்றோடொன்று பொருத்தும் ஒட்டுமோட்கள். மோட் பட்டியலிலேயே தானாக வரிசைப்படுத்தும் பொத்தான் உண்டு. முதலில் அதை அழுத்துங்கள்.

அதன்பிறகும் பிழை வந்தால் முதல் சிவப்பு வரியைப் படியுங்கள். கீழே வரும் நூறு வரியும் பெரும்பாலும் அதன் விளைவுதான். வரியில் மோடின் பெயர் தெரியவில்லையென்றால் பாதி மோட்களை அணைத்துப் பாருங்கள். பிழை போனால் குற்றவாளி அணைத்த பாதியில். போகாவிட்டால் மற்ற பாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 150 மோட்களுக்கு எட்டு முறைக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். ஒரு மோடை அணைக்கும்போது அதைச் சார்ந்திருப்பவற்றையும் சேர்த்தே அணையுங்கள், இல்லையென்றால் புதுப் பிழை வந்து குழப்பும். அமைப்புகளில் டெவலப்மென்ட் மோடு என்பதை இயக்கினால் முகப்புப் பக்கத்தில் உடனடிச் சோதனை வரைபடம் திறக்கும் பொத்தான் வரும். சோதனையெல்லாம் அதில் செய்யுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் சேவில் (சேமித்த ஆட்டக் கோப்பில்) வேண்டாம்.

நடுவில் மோடைச் சேர்ப்பது பெரும்பாலும் சரிப்படும். நீக்குவதுதான் ஆபத்து. அந்த மோடின் துப்பாக்கி ஒருவர் கையிலும் நோய் இன்னொருவர் உடலிலும் சேவில் பதிந்திருக்கும். மோடோடு அவற்றின் விளக்கமும் காணாமல் போனதும் சில பிழையோடு உதிரும், சில சேவ் கோப்பையே திறக்க விடாது. எங்கள் கருத்து: முதல் காலனியை மோட் இல்லாமல் முடியுங்கள். அடிப்படை கேம் எது செய்கிறது, மோட் எது செய்கிறது என்று தெரியாதவருக்குப் பிழை கண்டுபிடிப்பது இரட்டிப்பு வேலை.

கேள்வி: ஐந்தாம் ஆண்டில் கேம் நத்தையாகிறது. கிராபிக்ஸ் கார்டு மாற்றலாமா?

பதில்: வேண்டாம், பணம் வீண். கேம் தன் கணக்கை ஒருமுறை போடுவது ஒரு டிக். சாதாரண வேகத்தில் நொடிக்கு 60 டிக், மூன்றாம் வேகத்தில் 360. அந்தக் கணக்குகளின் பெரும்பகுதி பிராசசரின் ஒற்றை இழையில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, நடக்கிறது. ஆட்கள், வளர்ப்பு விலங்குகள், தரையில் சிதறிய பொருட்கள் ஆகியவையே சுமை. ஐம்பது கோழிகளைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். வரைபடத்தை 250-க்கு 250 என்றே வையுங்கள். 325-க்குப் போனால் கட்டங்கள் 62,500-இலிருந்து 1,05,625 ஆகும். எந்த மோட் நேரத்தைத் தின்கிறது என்பதை டப்ஸ் பெர்ஃபார்மன்ஸ் அனலைசர் என்ற மோட் மில்லிநொடிக் கணக்கில் காட்டும்.

கேள்வி: நிரல் எழுதத் தெரியாது. சொந்தமாக மோட் செய்ய முடியுமா?

பதில்: முடியும். நெல் வளரும் நாளை மாற்றுவதிலிருந்து தொடங்குங்கள். மோட்ஸ் கோப்புறைக்குள் புதிய கோப்புறை. அதற்குள் அபவுட், பேட்சஸ் என்று இரண்டு. அபவுட் கோப்பில் மோடின் பெயர், ஆசிரியர், நடுவில் புள்ளி வைத்த தனி அடையாளம், எந்தப் பதிப்புக்கு என்பது ஆகியவை வேண்டும். பேட்சஸில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் மாற்றீட்டுக் கட்டளை, நெல்லின் க்ரோடேஸ் (வளரும் நாள்) என்ற வரிக்குப் போகும் முகவரியான எக்ஸ்பாத், புதிய மதிப்பு.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. மதிப்பில் 4 என்ற எண்ணை மட்டும் எழுதுவார்கள். திறக்கும் குறி, எண், மூடும் குறி மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் மாற்றீடு அந்த வரியையே தூக்கிவிட்டுப் புதியதை வைக்கிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இன்னொன்று. ஓர் எழுத்து மாறினாலும் எக்ஸ்பாத் எதையும் கண்டுபிடிக்காது. நெல்லின் முழு விளக்கத்தையும் நகலெடுத்து உங்கள் மோடில் வைத்தாலும் வேலை நடக்கும்தான். ஆனால் அசல் விளக்கத்தில் அடுத்த பதிப்பு செய்யும் மாற்றங்கள் எல்லாம் உங்கள் பழைய நகலின் அடியில் புதைந்துபோகும்.

கேள்வி: புதிய பதிப்பு வந்ததும் பழைய காலனி கெட்டுவிட்டது. தடுப்பது எப்படி?

பதில்: கேம் வாங்கும் தளமான ஸ்டீமில் கேமின் பண்புகளுக்குள் பீட்டா பகுதியில் பழைய பதிப்புகள் இருக்கும், உங்கள் சேவ் எந்தப் பதிப்போ அதைத் தேர்ந்தெடுங்கள். மோட்கள்தான் சிக்கல், அவற்றைத் தரும் ஸ்டீம் பகுதியான ஒர்க்‌ஷாப் எப்போதும் புதியதையே இறக்கும். அதனால் காலனி தொடங்கும்போதே ஒர்க்‌ஷாப்பின் 294100 என்ற எண்ணுள்ள கோப்புறையிலிருந்து உங்கள் மோட்களை கேமின் மோட்ஸ் கோப்புறைக்கு நகலெடுத்துவிட்டு, ஒர்க்‌ஷாப் சந்தாவை விலக்கிக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலைத் திறந்து அந்த நகல்களையே இயக்குங்கள்.