இன்டர்நேஷனல் பள்ளிகளில் ‘டிஜிட்டல் சிட்டிசன்ஷிப்’ என்கிறார்களே, அதனால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் உண்டா?

சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போவதாகவும், லேப்டாப் கட்டாயம் என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் சென்னையில் அதே மாதிரியான ஒரு பள்ளியில் அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள்.

இணையத்தில் பொறுப்போடும் பாதுகாப்பாகவும் நடந்துகொள்ளப் பழகுவதைத்தான் ‘டிஜிட்டல் சிட்டிசன்ஷிப்’ என்கிறார்கள். அதனால் பயன் உண்டு. அந்தக் கற்றல் எந்த இடத்தில் நடக்கிறது என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

கல்வியாண்டு தொடங்கியதும் எல்லாரையும் ஆடிட்டோரியத்தில் உட்காரவைத்து, பாஸ்வேர்டைச் சொல்லாதே, தெரியாதவர்களோடு சாட் செய்யாதே என்று ஸ்லைடு போடுவார்கள். விதிமுறைத் தாள் ஒன்றில் பிள்ளையும் நீங்களும் கையெழுத்துப் போடுவீர்கள். இரண்டும் தேவைதான். அதோடு நின்றுவிட்டால் பள்ளிக்குத்தான் பாதுகாப்பு, பிள்ளை கற்றது ஒன்றுமில்லை.

கற்பது சாதாரண வகுப்பில் நடக்கிறது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பற்றி நாலு பேர் சேர்ந்து ஒரே கூகுள் டாக்ஸில் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். “மிஸ், இவன் என்னோட பாராவை டெலிட் பண்ணிட்டான்” என்று ஒரு குரல் வராமல் அந்த வகுப்பு முடியாது. யார், எப்போது அழித்தார்கள் என்பது வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். ஒரு கிளிக்கில் பழையதை மீட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். நல்ல ஆசிரியர் அங்கே பத்து நிமிஷம் நிற்பார். உனக்கு ஒப்பவில்லை என்றால் அழிக்காமல் கமென்ட்டில் எப்படிச் சொல்லியிருப்பாய், எழுதிக் காட்டு என்பார். முகம் பார்க்காத இடத்திலும் மனுஷரோடு மனுஷராகப் பேசப் பழகுவது இப்படித்தான்.

அதே வேலையில் பூநாரைப் படம் ஒன்றை ஒட்டிவிட்டு, கீழே ‘நன்றி: கூகுள்’ என்று எழுதுவார்கள். கூகுள் தேடித்தான் கொடுத்தது. படத்தை எடுத்தவர் யாரோ ஒருவர். அவர் பெயரைத் தேடிப் போடவும், பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதித்திருக்கிறாரா என்று பார்க்கவும் பழக்க வேண்டும். பிறகு தகவல். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்ந்தது 2022இல்தான். அந்த அறிவிப்பில் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். மற்ற பக்கங்களில் வேறு வேறு எண்கள் கிடைக்கும். ஒரு பக்கத்தில் ராம்சர் என்ற பேச்சே இல்லையென்றால், அது எப்போது எழுதியது என்று கேட்கத் தோன்ற வேண்டும். இந்தக் கேள்வி பழகிவிட்ட பிள்ளை, வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டையும் சும்மா அனுப்பாது. நான் இந்தப் பாடத்தை இவ்வளவு மதிப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

ஏஐ பற்றியும் கேட்டிருந்தீர்கள். பல இன்டர்நேஷனல் பள்ளிகள் பின்பற்றும் பாடத்திட்டத்தை நடத்தும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) அமைப்பு 2023இலேயே சாட்ஜிபிடியைத் தடை செய்யப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. பயன்படுத்தினால் மேற்கோளாகக் காட்ட வேண்டும், தன் எழுத்து என்று கொடுக்கக் கூடாது. அதன் டிப்ளமோ படிப்பில், அதாவது பள்ளியின் கடைசி இரண்டு வருஷத்தில், மாணவர் எழுதும் 4,000 சொல் வரையிலான நீண்ட கட்டுரையின் முடிவில் வழிகாட்டி ஆசிரியரோடு ஒரு நேர்காணலும் உண்டு. எழுதியதை வாயால் விளக்கச் சொல்லும் இந்த வழக்கத்தை ஆறாம் வகுப்பிலேயே கொண்டுவரும் ஆசிரியர்களைத் தேடுங்கள். திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை மட்டும் நம்பியிருக்கும் பள்ளியைவிட அது எவ்வளவோ மேல்.

வீட்டுப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் குறைந்தபட்ச வயது 13. பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டு அக்கவுன்ட் திறந்து கொடுப்பது பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோதான். இணையத்தில் பொய் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று பிள்ளை அங்கேயே கற்றுக்கொள்கிறது. வகுப்புப் பெற்றோர் குரூப்பில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணையும் அழுத முகத்தையும் போடுவதும் அப்படியே. தயவுசெய்து இதில் பள்ளியைக் கைவிட்டுவிடாதீர்கள்.

சேர்க்கைக்குப் போகும்போது எந்த கம்பெனி லேப்டாப் என்பதை விட்டுவிடுங்கள். ‘ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் படத்தை மீம் ஆக்கிப் பரப்பினால் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். “எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் நடக்காது” என்றால் எனக்கு நம்பிக்கை வராது. எல்லாப் பள்ளியிலும் நடக்கக்கூடியது அது. யார் முதலில் பேசுவார், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு யார் துணை, செய்தவர் அதை எப்படிச் சரிசெய்ய வேண்டும், எப்போது குழந்தைகள் உதவி எண் 1098க்கோ சைபர் குற்ற உதவி எண் 1930க்கோ அழைப்பார்கள் என்று தடுமாறாமல் சொன்னால், யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் மகளின் விவரங்கள் எந்தெந்தச் செயலிக்குப் போகின்றன என்றும் கேளுங்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே வைத்து, பெற்றோர் சம்மதத்தை முக்கியமாகப் பேசுகிறது. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில், பிள்ளையின் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கும் வரி ஒன்று இருக்கலாம். படித்துப் பார்த்து, விருப்பமில்லை என்றால் அந்த வரிக்கு மட்டும் சம்மதமில்லை என்று எழுதிக் கொடுங்கள்.