எதை வரைவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

படங்களோடு நாட்குறிப்பு எழுதும் ஆசையில் தடித்த தாள் நோட்டு ஒன்று வாங்கினேன். மூன்று பக்கம் வரைந்தேன். நான்காவது பக்கம் நாலு மாதமாக வெள்ளையாகவே இருக்கிறது. இணையத்தில் மற்றவர்களின் பக்கங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. என் அன்றாடத்தில் வரைய என்ன இருக்கிறது? உந்துதல் எங்கிருந்து வரும்?

ம.

அன்புள்ள ம.,

மூன்று பக்கம் வரைந்திருக்கிறீர்கள், அப்படியென்றால் கைக்கு ஒன்றும் குறையில்லை. எதை வரைவது என்று தேடித்தான் களைத்துப்போயிருக்கிறீர்கள். தேடவே வேண்டாம். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வரையுங்கள்.

ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கிலேய ஓவியர் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் மேகங்களை வரைந்து தள்ளினார். பல படங்களில் மரமோ மனிதரோ கிடையாது, வெறும் வானம். பின்பக்கத்தில் தேதி, மணி, காற்று வீசிய திசை, அன்றைய வானிலை எல்லாம் குறித்து வைத்தார். படங்களைவிட அந்தப் பின்பக்கக் குறிப்புகள்மீது எனக்குப் பிரியம் அதிகம். எல்லார் தலைக்கு மேலும் இருக்கிற வானம்தானே அது. அதற்கு மணி பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறார்!

நான் ஒரு மாதம் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை மட்டும் தினமும் காலையில் வரைந்தேன். கண்ணாடி டம்ளர். முதல் வாரம் சலிப்புதான். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அதன் நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சக் கீற்று கிடப்பதைப் பார்த்தேன். தண்ணீர் லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்திருக்கிறது. அதுவரை நிழல் என்றால் கருப்பு என்று நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தக் கீற்று இன்று எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகவே நோட்டைத் திறந்தேன். நீங்கள் கேட்கும் உந்துதல் எனக்கு வந்தது அப்படித்தான், வரைய ஆரம்பித்துப் பத்து நாள் கழித்து.

வண்ணம் பூச நேரமில்லையா? பென்சிலால் வரைந்து, நிறத்தின் பெயரை அங்கேயே எழுதிவிடுங்கள். பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா 1832-இல் மொராக்கோ போனபோது நோட்டுகளை அப்படித்தான் நிரப்பினார், படமும் எழுத்தும் பின்னிப் பிணைந்து கிடக்கும். ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்தும் அவற்றை வைத்து ஓவியம் தீட்டினார்.

பேனாவால் வரைந்து மேலே வாட்டர்கலர் பூசுவதானால் தண்ணீரில் கரையாத மை வேண்டும், இல்லையென்றால் கோடெல்லாம் கலங்கிவிடும். மற்றவர்கள் பக்கங்களை வரைவதற்கு முன்னால் பார்க்காதீர்கள். வரைந்து முடித்த பிறகு, எழுத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதில் கற்க நிறைய உண்டு.

சரி, அந்த நான்காவது பக்கம் அப்படியே இருக்கட்டும். நோட்டின் நடுவில் எங்காவது திறங்கள். இந்தக் கடிதத்தை எழுதும்போது உங்கள் எதிரில் என்ன இருந்தது? அதை வரையுங்கள். மூலையில் மணியைக் குறித்துவிடுங்கள்.