செண்டெண்ட்ரே போகிறீர்களா? அருங்காட்சியகத்தைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: ஆகஸ்ட் மூன்றாம் வாரம் நானும் கணவரும் நான்கு நாள் புடாபெஸ்ட் போகிறோம். ஒரு நாள் பக்கத்தில் இருக்கும் செண்டெண்ட்ரே ஊருக்குப் போகலாம் என்று திட்டம். அங்கே செர்பியத் திருச்சபையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறதாம். எங்கள் இருவருக்கும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவம் பற்றி ஒன்றுமே தெரியாது. போனால் ஏதாவது புரியுமா, இல்லை கடைவீதியைச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், புரியும். ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும் நேராக அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதல் தடவை நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன், பத்துப் படம் தாண்டியதும் எல்லாப் புனிதர்களும் ஒரே ஆள் மாதிரித் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் ஆள் இல்லாமல் போன கோவில்களிலிருந்து சேகரித்துக் கொண்டுவந்தவை. அவை கோவிலில் எந்த இடத்தில் இருந்தன, எதற்குப் பயன்பட்டன என்று முதலில் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு ஒவ்வொன்றும் தானாகப் பேசும்.

ஹங்கேரிக்காரர் ஊரில் செர்பியருக்கு என்ன வேலை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1690-இல் துருக்கிப் படை பால்கனில் மறுபடி கை ஓங்கியபோது, செர்பியத் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை மூன்றாம் அர்செனியே தலைமையில் ஆயிரக்கணக்கான செர்பியக் குடும்பங்கள் வடக்கே கிளம்பி வந்தன. ஆஸ்திரியப் பேரரசர் லியோபோல்ட் சலுகைப் பத்திரம் கொடுத்தார். வந்தவர்களில் ஒரு பகுதியினர் டான்யூப் கரையில் இந்த ஊரில் தங்கினார்கள். எப்படியும் திரும்பிப் போய்விடுவோம் என்று முதலில் மரக் கோவில்கள்தான் கட்டினார்கள். திரும்பவில்லை, வியாபாரத்தில் பணம் சேர்ந்தது, 18-ஆம் நூற்றாண்டில் கல்லால் கட்டினார்கள். பெல்கிரேட்காரர்கள் கோவில், பொஜாரெவாட்ஸ்காரர்கள் கோவில் என்று விட்டுவந்த ஊரின் பெயராலேயே சில கோவில்களை இன்றும் சொல்கிறார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? ஊர் நடுச் சதுக்கத்தில் 1763-இல் செர்பிய வணிகர்கள் நிறுவிய சிலுவை நிற்கிறது, கொள்ளைநோய் ஊரைத் தொடாமல் போனதற்கு நன்றிக்கடன். அதன் எதிரில் இருக்கும் சின்னக் கோவில்தான் பிளாகோவெஷ்டென்ஸ்கா, இயேசு பிறக்கப் போவதை வானதூதர் மரியாளுக்குச் சொன்னதை நம்மூர்க் கத்தோலிக்கர்கள் மங்கள வார்த்தை என்று சொல்வார்களே, அந்தத் திருநாளின் பெயர். உள்ளே போய் ஒரு கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். எதிரில் தரையிலிருந்து மேலே வரை படங்களால் ஆன ஒரு சுவர் தெரியும், அதற்கு இக்கோனோஸ்தாஸ் என்று பெயர். அதற்குப் பின்னால் இருப்பதுதான் அவர்களுடைய கருவறை, பூசாரிகளும் உதவியாளர்களும் மட்டும் போகும் இடம், எட்டிப் பார்க்கக்கூட முயற்சி செய்ய வேண்டாம். நடுவில் இருக்கும் கதவு ராஜ வாசல். அதற்கு வலப்புறம் இயேசு, இடப்புறம் குழந்தையோடு மரியாள், எந்த ஆர்த்தடாக்ஸ் கோவிலுக்குப் போனாலும் இந்த வரிசை மாறாது. உச்சியில் சிலுவை. மெழுகுவத்தி ஏற்றும் இடத்தையும் கவனியுங்கள், மேல் தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த் தட்டு இறந்தவர்களுக்கு. நீங்களும் ஏற்றலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், தட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள்!

இதைப் பார்த்த கண்ணோடு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். மேட்டுப் பக்கம் செந்நிறத்தில் எழுந்து நிற்கும் பெல்கிரேட் பேராலயத்தை அடையாளம் வைத்துக்கொண்டால் போதும், அதை ஒட்டித்தான் இருக்கிறது. உள்ளே எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று அவசியமே இல்லை. இந்தப் புனிதப் படங்களுக்கு ஐகான் என்று பெயர், ஒரு பழைய ஐகானையும் ஒரு பிந்தைய ஐகானையும் தேர்ந்தெடுத்து இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் நடந்து பாருங்கள். பழையதில் பின்புலம் தங்கம், முகம் நீண்டு தட்டையாக இருக்கும், நிழலே விழாது, முட்டைக் கருவில் குழைத்த வண்ணத்தின் மங்கிய பழுப்பு. 1740-களில் உக்ரைன் பக்கத்து ஓவியர்கள் வந்து கற்றுக்கொடுத்த பிறகு, அப்புறம் வியன்னாவின் செல்வாக்கும் சேர்ந்ததும், அதே மரியாளுக்குக் கன்னம் உப்புகிறது, துணி காற்றில் பறக்கிறது, பின்னால் மேகம் வருகிறது. கத்தோலிக்கப் பேரரசுக்குள் தங்கள் மதத்தை விடாமல் வாழ்ந்த ஒரு வணிகச் சமூகம், சுற்றியிருந்தவர்களின் ரசனைக்கு எவ்வளவு இடம் கொடுத்தது, எங்கே நிறுத்திக்கொண்டது என்பது அந்த நான்கைந்து அடி இடைவெளியில் தெரிந்துவிடும். எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

எழுத்து தெரியாதே என்று கவலைப்படாதீர்கள். இயேசுவின் தலைப்பக்கம் ஆங்கில ஐ, சி, எக்ஸ், சி மாதிரி நான்கு எழுத்து இருக்கும், அது இயேசு கிறிஸ்து என்பதன் கிரேக்கச் சுருக்கம், அதைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது. வெள்ளித் தகடு போர்த்தி முகமும் கையும் மட்டும் வெளியே தெரிகிற ஐகானைப் பார்த்தால் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது, நம்ம கோவில் கவசம் ஞாபகம் வந்துவிடும்.

போக்குவரத்து எளிது. புடாபெஸ்டின் பத்யானி சதுக்கத்திலிருந்து எச்5 புறநகர் ரயில், சுமார் 40 நிமிடம். புடாபெஸ்ட் நகரப் பயணச்சீட்டு நகர எல்லை வரைக்கும்தான், மிச்ச தூரத்துக்குத் தனியாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பரிசோதகரிடம் அபராதம் கட்ட நேரிடும். திங்கட்கிழமை வேண்டாம், ஹங்கேரியில் அருங்காட்சியகங்கள் பொதுவாக அன்று மூடியிருக்கும். தோள் மூடிய உடை, உங்கள் கணவர் தொப்பி போட்டிருந்தால் கோவிலுக்குள் கழற்றிவிடச் சொல்லுங்கள், படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் ஆகஸ்ட் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பின்பற்றும் பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி அன்றைக்குத்தான் இயேசு மலைமேல் ஒளிவீசி மறுரூபமான திருநாள். அந்தத் திருநாளின் பெயர் கொண்ட ப்ரெயோப்ரஜென்ஸ்கா கோவிலில் திராட்சைக் குலைகளை மந்திரித்துக் கொடுப்பார்கள், அப்புறம் கைகோத்து வட்டமாக ஆடும் கோலோ நடனம். ஒருகாலத்தில் இந்தக் குன்றுகள் முழுக்கத் திராட்சைத் தோட்டம். 1880-களில் ஃபிலொக்செரா பூச்சி வேரை அரித்துத் தோட்டங்களை அழித்தது, முதல் உலகப் போருக்குப் பின் மிச்சம் இருந்த செர்பியர்களிலும் பலர் புதிதாக உருவான யுகோஸ்லாவிய நாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அருங்காட்சியகம் நிறைந்த கதை அதுதான். மறுநாள் 20-ஆம் தேதி ஹங்கேரியின் தேசிய விடுமுறை, எங்கும் கூட்டம், அன்றைக்குப் புடாபெஸ்டிலேயே இருந்து வாணவேடிக்கை பாருங்கள்.

ரயிலுக்கு நேரம் இருந்தால் ஆற்றோரம் லாசர் மன்னர் சதுக்கம் வரைக்கும் நடங்கள். துருக்கியரை எதிர்த்த 1389 கொசோவோ போரில் இறந்த செர்பிய மன்னர் லாசரின் உடலை 1690-இல் சுமந்துகொண்டு வந்தவர்கள், அதை வைத்திருந்த மரக் கோவில் நின்ற இடம் அது. 1697-இல் உடலைத் தெற்கே, இன்றைய செர்பியாவில் இருக்கும் விர்த்னிக்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இப்போது இந்தச் சதுக்கத்தில் ஒரு சிலுவை மட்டும் இருக்கிறது.