அரிசி இழுக்கும் கலசம்: அடுத்த தவணையைக் கட்டலாமா?

வேடசந்தூர் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற மாமனார், கூட வேலை பார்த்த நண்பரின் பேச்சைக் கேட்டு ‘இரிடியம் கலசம்’ வியாபாரத்தில் 3 லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார். கலசம் அரிசியை இழுக்கிற வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். கலசம் விற்றுவிட்டது, பல கோடி ரூபாய் ரிசர்வ் வங்கியில் நிற்கிறது, அதை விடுவிக்க 1.80 லட்சம் வரி கட்டுங்கள் என்று இப்போது கடிதம் வந்திருக்கிறது. மாமனார் காட்டை அடமானம் வைக்கக் கிளம்பிவிட்டார். இது உண்மையா, போன பணம் திரும்புமா, போலீசுக்குப் போனால் எங்கள் மேலேயே கேஸ் வருமா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். தனி ஆள் பெயரில் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வரி கட்டினால் விடுவிக்கிறேன் என்று ரிசர்வ் வங்கி யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை. வரி வசூல் அதன் வேலையும் இல்லை. கவர்னர் கையெழுத்து, சிங்க முத்திரை, ஹோலோகிராம் எல்லாம் ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிற சாமான். இதே ரிசர்வ் வங்கிக் கதையோடு திரிந்தவர்களை 2025-இல் சி.பி.சி.ஐ.டி. போலீசார் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கைது செய்தார்கள்.

படித்த மாமனார் எப்படி நம்பினார் என்று வருந்தியிருக்கிறீர்கள். அவரைத் திட்டாதீர்கள். இது யாரோ ஒரு திருடன் ஒரே ராத்திரியில் கட்டிய பொய் இல்லை, ஊர் சேர்ந்து வளர்த்த கதை. கோபுரக் கலசத்தில் வரகு போட்டு வைப்பதும், 12 வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்தில் அதை மாற்றுவதும் நமக்குத் தெரிந்த வழக்கம். அந்த வரகுதான் இடியைத் தாங்குகிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. அதன் பக்கத்திலேயே இன்னொரு கதை: இடி விழுந்து விழுந்து செம்பு இரிடியமாக மாறிவிடும், அது தானியத்தை இழுக்கும், நாசா அதை ராக்கெட்டுக்கு வாங்கும். கோயில், தானியம், இடி மூன்றும் பாட்டி காலத்துச் சரக்கு. நாசா மட்டும் புதுசு. கதையைக் கொண்டுவருகிறவரும் கண்ணால் பார்த்ததில்லை, அவருடைய மச்சானின் முதலாளி பார்த்திருப்பார். சவூதியில் 2009-இல் பழைய சிங்கர் தையல் மிஷினுக்குள் ‘சிவப்புப் பாதரசம்’ என்ற விலையுயர்ந்த பொருள் இருக்கிறது என்ற புரளி கிளம்பி, ஓட்டை மிஷின்களை ஆயிரக்கணக்கான ரியால் கொடுத்து வாங்கினார்கள். நம் ஊரில் கலசம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரிடியம் என்று ஓர் உலோகம் உண்மையில் உண்டு. 1803-இல் பிளாட்டினக் கசடிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்றைக்குப் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கத்திலிருந்து வருகிறது, ஸ்பார்க் பிளக் முனையில்கூட இருக்கிறது. ஈயத்தைப் போல இரண்டு மடங்கு கனம். இடி விழுந்து செம்பு அதுவாக மாறாது. அது அரிசியையும் இழுக்காது. வீடியோவில் அரிசி நகர்கிறதே என்றால், அரிசியில் பசை தடவி இரும்புத்தூளை ஒட்டி, கலசத்துக்குள்ளே காந்தத்தை வைத்தால் நகரத்தான் செய்யும்.

ஆனால் இதைச் சொல்லி மாமனாரிடம் வாதாடப் போகாதீர்கள். ‘அப்போ டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்’ என்பார். இந்தத் தொழிலில் காசு புரளுவதே டெஸ்டிங்கில்தான். கெமிஸ்ட் வர அட்வான்ஸ், கதிர்வீச்சு உடைக்கு வாடகை, பெட்டிக்கு டெபாசிட். அன்றைக்குப் பார்த்து மழை வரும், கெமிஸ்டுக்கு மயக்கம் வரும், மறுபடி முதலிலிருந்து. டெல்லியில் 2018-இல் பிடிபட்ட தந்தையும் மகனும் இப்படித்தான் விண்வெளி உடை மாதிரி ஒன்றைக் காட்டி, ஒரு தொழிலதிபரிடம் கோடிக்கு மேல் கறந்திருந்தார்கள்.

புரோக்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘ஆர்.பி. மால்’ (‘ரைஸ் புல்லர்’, அதாவது அரிசி இழுக்கும் சரக்கு), ‘பார்ட்டி ரெடி’, ‘சைட் பார்க்கலாம்’ என்று பேசுகிறவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். அந்த நண்பரே ஏமாந்தவராக இருக்கலாம், அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். புரோக்கரைவிட மோசமானவன் அடுத்து வருவான்: ‘போன பணத்தை மீட்டுத் தர்றேன், 10 சதவீதம் கொடுங்க’ என்பான். பெரும்பாலும் உங்கள் நம்பரை அதே கூட்டம்தான் அவனுக்குக் கொடுத்திருக்கும். கட்டப்பஞ்சாயத்துக்கும் போகாதீர்கள்.

கேஸ் உங்கள் மேல் வருமா? ஏமாந்து பணம் கொடுத்ததற்காக மாமனாரைக் குற்றவாளியாக்க மாட்டார்கள். ஏமாற்றியவர்கள் மீது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு பாயும், 7 ஆண்டு வரை சிறை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும், அதை விரிவாகவே சொல்கிறேன். கலசமோ பழைய செம்புப் பாத்திரமோ உங்கள் வீட்டிலேயே இருக்கிறதா? கிணறு தோண்டும்போது கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் வருகிறது. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆமாம், 10 ரூபாய்தான். வெள்ளைக்காரன் போட்ட தொகையை இன்னும் யாரும் மாற்றவில்லை. சொந்தக்காரர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று சட்டமே சொல்கிறது. மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. கோயிலிலிருந்து வந்த கலசம் என்றால் அது புதையலே இல்லை, திருட்டுப் பொருள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் கேள்வி உங்கள் பக்கம்தான் திரும்பும். அப்படி ஏதாவது இருந்தால், புகாருக்கு முன் ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பணம் திரும்புமா என்றால், ரொக்கமாகப் போனது கஷ்டம். ஜி-பே, வங்கி வழியாகப் போனதற்கு இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். நாள் ஆக ஆக அவர்கள் கணக்கில் எதுவும் மிஞ்சாது.

ஸ்டேஷனில் ‘இது எங்க லிமிட் இல்லை’ என்பார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சட்டம் வந்தது 2024 ஜூலையில்; நம் ஸ்டேஷன் ரைட்டர்களுக்கு எப்போது போய்ச் சேருமோ தெரியாது. புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்த்தால், வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். இல்லை. மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

கோபத்தில் மாமனார் அந்த வாட்ஸ்அப் குழுவை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோ, கடிதம், பணம் போன தேதி, போன் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பிரிண்ட் எடுத்துப் புகாரோடு இணையுங்கள், போனையும் மாற்றாமல் வையுங்கள். அடமானப் பத்திரம் எழுதியாகிவிட்டதா என்பதை நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.