கேட்வே ஸ்விட்ச்: ரேக்கில் ஏற்றுவது முதல் பழுது பார்ப்பது வரை (கேள்வி பதில்)

சர்வர்களை அதிவேகமாக இணைக்கும் இன்ஃபினிபேண்ட் வலையை வழக்கமான ஈதர்நெட்டோடு இணைக்கிற கேட்வே ஸ்விட்ச் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கட்டளைகளின் பெயர் மாடலுக்கு மாடல் மாறும். அதனால் எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன், எந்தக் கட்டளை என்பதை உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், எங்களிடம் நல்ல ஈதர்நெட் ஸ்விட்ச் பரிச்சயம் இருக்கிறது. இதில் புதிதாகக் கற்க என்ன இருக்கிறது?

இரண்டு விஷயம் உண்டு. ஈதர்நெட் ஸ்விட்ச் தானாகவே மேக் முகவரிகளை (கார்டுகளின் வன்பொருள் முகவரிகளை) கற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். இன்ஃபினிபேண்ட் அப்படி இல்லை. சப்நெட் மேனேஜர் என்ற மென்பொருள் வலை முழுவதையும் நடந்து பார்த்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் எண் கொடுத்து, பாதைகளை எழுதிவைத்தால்தான் ஒரு பாக்கெட்டாவது நகரும்.

இரண்டாவது, எதிர்முனையில் இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இன்ஃபினிபேண்ட் அனுப்பும். நெரிசல் வந்தால் காத்திருக்கும். ஈதர்நெட் சாதாரணமாக அனுப்பிவிடும். இடம் இல்லையென்றால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். இந்த இரண்டு குணமும் சந்திக்கிற இடம்தான் கேட்வே. வெளியே போகும் ஈதர்நெட் பக்கம் அடைத்துக்கொண்டால் அந்த நெரிசல் பின்னோக்கி ஏறி, சம்பந்தமே இல்லாத சர்வர்களையும் மெதுவாக்கலாம். அதனால் புகார் எது வந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தப் பக்கம்? இன்ஃபினிபேண்டா, ஈதர்நெட்டா, நடுவில் இருக்கிற பொருத்தமா? மூன்றில் ஒன்றை முடிவு செய்யாமல் கேபிளைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: ரேக்கில் ஏற்றும்போது போர்ட் பக்கம் முன்னால் வரவேண்டுமா, பின்னால் வரவேண்டுமா?

சர்வர்களின் கார்டு பின்பக்கம் இருப்பதால் கேபிள் வசதிக்குப் போர்ட் பக்கத்தைப் பின்னால் வைப்பதுதான் வழக்கம். ஆனால் அதற்கு முன் காற்று எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். போர்ட் பக்கமிருந்து காற்றை இழுக்கிற மாடலைப் பின்னால் திருப்பி வைத்தால், சர்வர்கள் தள்ளிவிடும் வெப்பக் காற்றைத்தான் அது உள்ளே வாங்கும். உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கட்டும் என்பது ஆஷ்ரே அமைப்பின் பரிந்துரை. ஹாலின் நடுவில் இருக்கிற வெப்பமானி காட்டுவதை நம்பாதீர்கள். சாதனத்தின் மூக்கருகே அளந்து பாருங்கள்.

பெட்டி ஒரு யூ உயரம்தான், அதாவது 44.45 மில்லிமீட்டர். என்றாலும் இரண்டு பேர் பிடித்து ஏற்றுங்கள். ஒருவர் தாங்கிக்கொள்ள மற்றவர் திருகலாம். எர்த் கம்பியை முதலில் மாட்டுங்கள். இரண்டு பவர் சப்ளைக்கும் இரண்டு வெவ்வேறு மின்தடத்திலிருந்து கொடுங்கள். ஒரே பட்டையில் இரண்டையும் செருகிவிட்டு ‘ரிடண்டன்ஸி இருக்கிறது’ என்று ஆவணத்தில் எழுதிய இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கேபிள் போடும்போது எதில் கவனம் வேண்டும்?

தாமிர கேபிள் தடிமனானது, வளைந்து கொடுக்காது. அதன் எடை முழுவதும் கனெக்டரில் தொங்கக் கூடாது. தாங்கும் கம்பியில் படுக்க வையுங்கள். முறுக்காமல் நேராகத் தள்ளினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டபின் லேசாக இழுத்துப் பாருங்கள். வராமல் இருந்தால் சரி. பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுவதைவிட வெல்க்ரோ நல்லது. ஃபைபர் என்றால் முனையைத் துடைக்காமல் செருகவே கூடாது, புது கேபிளாக இருந்தாலும். இரு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். நாளை பழுது பார்க்க வருகிறவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம்.

கேள்வி: முதல்முறை மின்சாரம் கொடுத்ததும் என்ன செய்ய வேண்டும் அண்ணா? ஆன் செய்யும் பொத்தானையே காணோம்.

பெரும்பாலான மாடல்களில் பொத்தான் கிடையாது தம்பி. வயரைச் செருகியதும் நிர்வாகக் கன்ட்ரோலர் எழுந்துவிடும். சீரியல் கன்சோலில் நுழையுங்கள். வழக்கமான அமைப்பு 115200 வேகம், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். திரையில் குப்பை எழுத்து வந்தால் வேகம் தப்பு, எதுவுமே வராவிட்டால் கேபிள் தப்பு. அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

உள்ளே போனதும் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், டெல்நெட்டை மூடுங்கள், நேர சர்வரைக் காட்டுங்கள், லாக் வெளி சர்வருக்குப் போகும்படி செய்யுங்கள். நேரத்தை அலட்சியம் செய்தவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள். இரண்டு கேட்வேயின் லாக்கை அருகருகே வைத்து எது முதலில் விழுந்தது என்று பார்க்கும்போது, ஒன்று ஏழு நிமிடம் முந்தி ஓடினால் அந்த லாக் எதற்கும் உதவாது.

இன்னொன்று. நிர்வாக போர்ட்டின் ஐபி முகவரிக்குப் போகும் பாதை அந்த கேட்வே வழியாகவே இருக்கக் கூடாது. கேட்வே விழுந்த அன்றுதான் நீங்கள் அதற்குள் நுழைய வேண்டியிருக்கும்.

கேள்வி: போர்ட்டில் விளக்கு எரிகிறது, கேபிளும் சரி. ஆனால் சர்வரில் பார்த்தால் நிலை ‘இனிஷியலைஸ்’ என்றே நிற்கிறது. கார்டு கெட்டுவிட்டதா?

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு எரிவதற்கு அர்த்தம், இரண்டு முனையும் மின் அளவில் கைகுலுக்கிவிட்டன என்பது. அதற்குமேல் ‘ஆக்டிவ்’ நிலைக்குக் கொண்டுபோவது சப்நெட் மேனேஜரின் வேலை. ‘இனிஷியலைஸ்’ என்று நின்றால் ஓடுகிற சப்நெட் மேனேஜர் இல்லை, அல்லது இருந்தும் உங்கள் போர்ட்டைச் சென்று சேர முடியவில்லை. கேட்வேயில் உள்ள சப்நெட் மேனேஜரை இயக்கினீர்களா என்று முதலில் பாருங்கள். இதற்கு மாறாக ‘போலிங்’ என்று காட்டினால்தான் கேபிளையும் கார்டையும் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு நேர்ந்தது இது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் திடீரென்று பாதி சர்வர்களுக்கு வெளியுலகத் தொடர்பே போய்விட்டது. கேட்வேயில் எந்தப் பிழையும் இல்லை, எல்லா விளக்கும் பச்சை. அன்று நடந்த ஒரே மாற்றம், ஒரு புது லினக்ஸ் சர்வரைச் சேர்த்தது மட்டும்.

குற்றவாளி அநேகமாக அந்தப் புது சர்வர்தான். இன்ஃபினிபேண்ட் பேக்கேஜ்களை மொத்தமாக நிறுவும்போது சப்நெட் மேனேஜரும் கூடவே வந்து, சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியிருக்கும்.

ஒரு வலையில் பல சப்நெட் மேனேஜர் இருக்கலாம்; ஒன்றுதான் தலைமை, மற்றவை காத்திருக்கும். தலைமையைத் தீர்மானிப்பது முன்னுரிமை எண். 0 முதல் 15 வரை கொடுக்கலாம், பெரிய எண் வெல்லும். எண் சமமானால் சிறிய ஜியுஐடி (தொழிற்சாலையிலேயே கார்டில் பதிந்த தனி எண்) உள்ளது வெல்லும். கேட்வேயில் முன்னுரிமையை அமைக்காமல் விட்டிருந்தால், யார் தலைமை என்பது இரண்டு கார்டுகளின் தொழிற்சாலை எண்ணைப் பொறுத்த லாட்டரி ஆகிவிடும்.

லாட்டரியில் அந்த சர்வர் ஜெயித்தால் என்ன நடக்கும்? நீங்கள் கேட்வேயில் பார்த்துப் பார்த்து எழுதிய பார்ட்டிஷன்கள் (யார் யாரோடு பேசலாம் என்று வலையைப் பிரிக்கும் குழுக்கள்) அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இயல்பான ஒரே பார்ட்டிஷன்தான். அதன்படி வலையைத் திரும்ப எழுதிவிடும். இயல்பான பார்ட்டிஷனில் இருந்த சர்வர்கள் தப்பிக்கும், மற்றவை விழும். நீங்கள் சொல்கிற ‘பாதி’ அதுதான். எந்தச் சாதனமும் பழுதாகாததால் விளக்குகள் பச்சையாகவே இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: தலைமை எது என்று கேட்வேயில் கேளுங்கள். வருகிற ஜியுஐடி அந்த சர்வருடையதாக இருந்தால், அங்கே சப்நெட் மேனேஜர் சேவையை நிறுத்தி, பூட் ஆகும்போது எழாதபடி முடக்குங்கள். கேட்வேகளில் மட்டும் சப்நெட் மேனேஜர் ஓடட்டும். அவற்றுக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுங்கள். இரண்டிலும் ஒரே ஃபர்ம்வேர், ஒரே பார்ட்டிஷன் அமைப்பு இருக்கட்டும். காத்திருக்கும் கேட்வேயில் பழைய பார்ட்டிஷன் பட்டியல் இருந்தால், தலைமை மாறும் நாளில் இதே கூத்து மறுபடி நடக்கும். சர்வர் நிறுவும் குழுவினரின் பட்டியலில் ‘சப்நெட் மேனேஜர் வேண்டாம்’ என்ற வரியை இன்றே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சர்வரில் விநிக் (கேட்வே வழியாக ஈதர்நெட்டோடு பேசும் மெய்நிகர் கார்டு) உருவாக்கினேன், ‘அப்’ என்று காட்டுகிறது. ஆனால் கேட்வே ஐபிக்கு பிங் போகவில்லை.

வெளியிலுள்ள ஈதர்நெட் ஸ்விட்ச்சில் அந்த விநிக்கின் மேக் முகவரி தெரிகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு பார்வை பிரச்சினையைப் பாதியாக வெட்டிவிடும்.

தெரிகிறது, அதுவும் சரியான வீலேனில் (ஈதர்நெட்டுக்குள் பிரித்துவைத்த தனி வலையில்) தெரிகிறது என்றால், போகும் பாதை சரி. திரும்பி வரும் பாதையையும் ஐபி அமைப்பையும் பாருங்கள். தெரியவே இல்லை என்றால் இரண்டு இடம் உண்டு. ஒன்று, வெளி ஸ்விட்ச்சின் போர்ட்டில் அந்த வீலேன் டேக் (வீலேன் எண்ணைச் சொல்லும் முத்திரை) உடன் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆக்சஸ் போர்ட்டாக விட்டுவிட்டால் டேக் போட்டு வரும் ஃப்ரேம் உள்ளே நுழையாது. இரண்டாவது, பார்ட்டிஷன். அதில் முழு உறுப்பினர், வரம்புக்குட்பட்ட உறுப்பினர் என இரண்டு வகை. வரம்புக்குட்பட்ட இருவர் ஒருவரோடு ஒருவர் பேசவே முடியாது. சர்வரும் வரம்புக்குட்பட்டது, கேட்வே போர்ட்டும் வரம்புக்குட்பட்டது என்று எழுதிவைத்தால், எல்லாம் ‘அப்’ என்றே காட்டும், ஒரு பைட்டும் போகாது. கேட்வே பக்கம் முழு உறுப்பினராக இருக்க வேண்டும்.

கையால் மேக் கொடுக்கிறவர்கள், ஒரே முகவரியை இரண்டு விநிக்குக்குக் கொடுத்துவிடாமல் ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்எச்சில் நுழைய முடிகிறது, பிங் போகிறது. பெரிய கோப்பை நகலெடுத்தால் அப்படியே உறைந்துவிடுகிறது.

எம்டியு, அதாவது ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு. வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற கொடியுடன் 1472 பைட் பிங் அனுப்புங்கள். அதோடு ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்தால் 1500. அது போய், 8972 போகாவிட்டால், வழியில் எங்கோ 9000 அனுமதி இல்லை.

இன்ஃபினிபேண்டில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் 4096 பைட் சுமக்கும். டேட்டாகிராம் முறையில் ஒரு செய்தி ஒரு பாக்கெட்டுக்குள் அடங்கியாக வேண்டும். அதனால் அந்த முறையில் ஓடும் விநிக்கில் 9000 என்று எழுதி ஆசைப்பட வேண்டாம். ஐபி-ஓவர்-இன்ஃபினிபேண்டின் கனெக்டட் முறை 65520 வரை போகும், ஆனால் அது வேறு இடைமுகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றின் எண்ணை மற்றதில் எழுதுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

கேள்வி: 40 கிகாபிட் என்று போட்டிருக்கிறது. சோதித்தால் 26-ஐத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்று இல்லை, விளம்பரக் கணக்கு. கியூடிஆர் என்ற இன்ஃபினிபேண்ட் வேக வகையில் லேனுக்கு (ஒரு தரவுத் தடத்துக்கு) 10, நான்கு லேனுக்கு 40. ஆனால் 8 பிட்டை 10 பிட்டாக்கி அனுப்புவதால் தரவுக்கு மிஞ்சுவது 32. உங்கள் சர்வரில் இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் எட்டு லேன் ஸ்லாட் என்றால் அதுவும் அதே கணக்கில் 32-தான். அதன் சொந்தத் தலைப்புச் செலவு போகக் கையில் வருவது நீங்கள் சொல்கிற எண்ணை ஒட்டித்தான் இருக்கும். 13-ஐச் சுற்றி நின்றால் கார்டு நான்கு லேன் ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஈதர்நெட் பக்கம் நான்கு 10 கிகாபிட் லிங்க்கைச் சேர்த்துக் கட்டியும் ஒரு பேக்கப் 10-க்கு மேல் போகவில்லை.

போகாது. ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் வரிசை குலையாமல் இருக்க, ஒரே லிங்க்கில்தான் அனுப்பப்படும். பேக்கப் மென்பொருளில் பல இணைப்புகளைத் திறக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிம்பல் எரர் கவுன்ட்டரில் (லிங்க்கில் சிதைந்து வந்த குறிகளின் எண்ணிக்கை) 65535 என்று நிற்கிறது. பயப்பட வேண்டுமா?

அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது 16 பிட் கவுன்ட்டர். நிரம்பியதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிடும். நேற்று நிரம்பியதா, போன வருடமா என்று யாருக்குத் தெரியும்? கவுன்ட்டரை அழித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

தரநிலை பொறுத்துக்கொள்ளும் பிழை ஒரு லட்சம் கோடி பிட்டுக்கு ஒன்று. 40 கிகாபிட் வேகத்தில் அது 25 விநாடிக்கு ஒன்று, மணிக்கு 144. அதற்கு நிறையக் கீழே இருந்தால் நிம்மதியாக இருங்கள். மேலே போனால் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். தீராவிட்டால் அந்த கேபிளை வேறு இரண்டு போர்ட்டுக்கு மாற்றுங்கள். பிழை கேபிளோடு போனால் கேபிள், அங்கேயே நின்றால் போர்ட் அல்லது கார்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே மூச்சில் மூன்றையும் மாற்றினால் சரியாகும், ஆனால் எது கெட்டது என்று தெரியாது.

கேள்வி: ஓடும்போதே ஃபேனையும் பவர் சப்ளையையும் மாற்றலாமா?

மாற்றலாம், ஒரு நேரத்தில் ஒன்று. புதியதைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதை இழுக்க வேண்டும், ஏனென்றால் திறந்த ஓட்டை வழியாகக் காற்று குறுக்கே ஓடிவிடும். பவர் சப்ளைக்கு முதலில் மற்றது நல்ல நிலையில் இருக்கிறதா என்று நிர்வாகக் கன்ட்ரோலரில் பாருங்கள், பிறகு வயரைக் கழற்றுங்கள், பிறகு யூனிட்டை. எந்த யூனிட் என்பதை விளக்கையும் லாக்கையும் இரண்டையும் பார்த்து உறுதி செய்யுங்கள். சில மாடல் 0-விலிருந்து எண்ணும், சிலது 1-லிருந்து. மாற்றுப் பாகத்தின் காற்றுத் திசை பழையதோடு ஒத்திருக்க வேண்டும். மாற்றிய பிறகும் எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால், பதிவான பழுதை அழித்தாலே பல நேரம் அணைந்துவிடும்.

மின்சாரம் முழுவதும் போய் வந்தபின் தேதி 1970 ஜனவரி 1 என்று காட்டினால், உள்ளே இருக்கிற நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்ற மட்டும் சாதனத்தை நிறுத்தித் திறக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு கேட்வே இருக்கின்றன. ஃபர்ம்வேர் மாற்றும்போது சேவை நிற்காமல் செய்ய என்ன வரிசை?

முதலில் அமைப்பை இரண்டிலிருந்தும் வெளியே எடுத்து வையுங்கள். இடையில் ஒரு பதிப்பைத் தொட்டுத்தான் போக வேண்டுமா என்று வெளியீட்டுக் குறிப்பில் பாருங்கள். அடுத்து, எல்லா சர்வரிலும் பாண்ட் இடைமுகத்தின் (இரண்டு கேட்வேக்கும் போகும் இணைப்புகளை ஒன்றாகக் கட்டியது) இரண்டு காலும் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சேவை நிற்பது அநேகமாக இந்தச் சோதனையைத் தவிர்த்ததால்தான்: மூன்று மாதமாக ஒரு கால் செத்துக்கிடந்த சர்வர் அன்றுதான் வெளிப்படும்.

காத்திருக்கும் சப்நெட் மேனேஜர் உள்ள கேட்வேயை முதலில் மாற்றுங்கள். அது எழுந்ததும் போர்ட்டுகள், விநிக் எண்ணிக்கை, பார்ட்டிஷன் பட்டியல் மூன்றையும் முன்பு எடுத்துவைத்ததோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால், முன்னுரிமையை மாற்றி தலைமையை அதற்குக் கைமாற்றுங்கள். அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் பிறகு மற்றதைத் தொடுங்கள். ஃபர்ம்வேர் எழுதும்போது திரையில் நீண்ட நேரம் எதுவும் அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் யாரும் மின்வயரைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.