புது பல்பு போட்டும் முன்விளக்கு மங்கலா?

6 வோல்ட் டிராக்டர், புது பல்பு, புது பெயின்ட். ஆனாலும் முன்விளக்கு அகல்விளக்கு மாதிரி எரிகிறது, இலையுதிர் காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடுகிறது என்கிறீர்கள். டைனமோவைக் கழற்றாதீர்கள், முதலில் எர்த்தை, அதாவது விளக்கை வண்டியின் உலோக உடல் வழியாக பேட்டரியோடு சேர்க்கும் இணைப்பைப் பாருங்கள். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து (பழைய வண்டிகள் பலவற்றில் அது பாசிட்டிவ், கவனம்) ஒரு தடித்த வயரை விளக்குக் கூட்டின் வெற்று உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால், பிராக்கெட் போல்ட்டுக்கு அடியில் நீங்கள் ஆசையாக அடித்த பெயின்ட்தான் வில்லன். அந்த வட்டத்தை மட்டும் உலோகம் மின்னச் சுரண்டி இறுக்குங்கள், மேலே கொஞ்சம் கிரீஸ்.

அப்படியும் மங்கல்தான் என்றால் வயர். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 6. மெல்லிய வயரில் பாதி வெளிச்சம் வழியிலேயே போய்விடும். துணி சுற்றிய பழைய வயரை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அப்புறம், பியூஸ் இல்லையென்றால் ஒன்று போடுங்கள்.