பாஸ் பழக்குவது பற்றி: சேலத்துக் கால்பந்துக் கேள்வி பதில்

அஸ்தம்பட்டி அப்பா ஒருவர்: சார், பையனுக்கு 10 வயசு. பந்து வந்தாலே பதறி, எங்கேயோ உதைத்துவிடுகிறான்.

கோளாறு காலில் இல்லை, கண்ணில். பந்து வந்த பிறகுதான் யார் எங்கே என்று தேடுகிறான், அதற்குள் எதிராளி மேலே வந்து விழுந்துவிடுகிறான். ஸ்பெயின் நடுக்கள வீரர் சாவியின் (Xavi) பழைய ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள், பந்து வரும் முன்பே தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். நான் பையனுக்குப் பின்னால் நின்று விரல் காட்டுவேன், பந்தைத் தொடும் முன் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். அப்புறம், 12 வயது வரை 4ஆம் நம்பர் பந்துதான், 5 வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஓமலூர் பி.டி. ஆசிரியர்: 22 பேர், 2 பந்து. ரோண்டோ, அதாவது நடுவில் நிற்பவர்களிடம் பந்து சிக்காமல் ஓரத்தில் நிற்பவர்கள் பாஸ் ஆடும் பயிற்சி, எப்படி நடத்துவது?

பத்தடி எடுத்து வைத்து ஒரு சதுரம், ஓரத்தில் நாலு பேர், நடுவில் இரண்டு பேர். பந்தைப் பறிகொடுத்தவன் உள்ளே போவான். இப்படி இரண்டு கட்டத்தில் 12 பேர் போய்விடுவார்கள். மீதி 10 பேரை உட்கார வைக்காதீர்கள் சார், எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். ஒரு த்ரோபாலைக் கொடுத்து, ஐந்துக்கு ஐந்தாகக் கையால் பாஸ் ஆடவிடுங்கள். பந்தைக் கையில் வைத்து ஓடக்கூடாது, தூக்கிப் போட்டதும் இடம் மாற வேண்டும். காலி இடம் தேடும் பழக்கம் இதிலேயே வந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

ஏற்காட்டிலிருந்து: அண்ணா, இங்கே ஈரப்புல், கீழே சேலத்தில் காய்ந்த மண். பசங்க பாஸ் அங்கே போனால் கெட்டுப்போகிறது.

ஈரத்தில் பந்து வழுக்கி வரும், மண்ணில் குதித்து வரும். காலின் உள்பக்கத்தால் அடிக்கச் சொல்லு தம்பி, வாங்குகிறவன் நின்று காத்திராமல் பந்தை நோக்கி இரண்டடி வரட்டும்.

அம்மாபேட்டை அம்மா: பின்னால் பாஸ் கொடுத்தால் பெற்றோர் எல்லாரும் "முன்னாடி அடி"ன்னு கத்துகிறார்கள். மகள் அழுகிறாள்.

அவள் செய்வது சரிங்க அக்கா. முன்னால் அடைத்திருந்தால் பின்னால் கொடுத்து எதிரணியை இழுக்க வேண்டும், அவர்கள் ஏறி வரும்போது அவர்களுக்குப் பின்னே இடம் திறக்கும், அங்கே போட வேண்டும். கீப்பருக்கும் கொடுக்கலாம், வேண்டுமென்றே காலால் கொடுத்தால் 1992 முதல் அவர் கையால் எடுக்க முடியாது, அவ்வளவுதான். 2019இலிருந்து கோல் கிக்கை (எதிரணி கோல் கோட்டுக்கு வெளியே விட்ட பந்தை நம் அணி மறுபடி உதைத்துத் தொடங்குவது) பெனால்டி ஏரியாவுக்குள்ளேயே, அதாவது கோலுக்கு முன்னால் உள்ள பெரிய கட்டத்துக்குள்ளேயே, தன் அணிக்காரர் வாங்கலாம் என்று விதியே மாறிவிட்டது. ஆனால் முன்னால் தடுக்க ஆளில்லாதபோதும் பின்னாலேயே உருட்டினால் கோச் திருத்தட்டும். கத்தும் பெற்றோரிடம் நீங்களே பேசுங்கள், பந்து காலில் இருக்கும்போது அவளுக்குக் கேட்க வேண்டியது தோழிகளின் குரல்.